சூறைக்குருவியும் நேவிக் கொக்கும்: அருள்புரத்தில் இருந்து அமராவதி அணை வரை

மாசி பிறந்து பனி விலகுகிற வாரத்தில் குண்டடம் பக்கம் பறவை பார்க்கப் போகலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம் தம்பி. நானும் ஒரு தரம் போயிருக்கிறேன். என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் போனேன், பறவை வழியில் தானாக வந்து சேர்ந்தது. அந்தக் கதையைச் சொன்னால் வழியும் உங்களுக்குத் தெரிந்துவிடும், அதனால் இந்தப் பதிவு. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எழுத்துப்பிழைகளை மகள் திருத்திவிடுகிறாள். வாய்க்கொழுப்பு மட்டும் அப்படியே இருக்கும், அதைத் திருத்த அவளாலும் ஆகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். அருள்புரத்துக்கு உள்ளே தள்ளி, காதர் பாய் நடத்திய சிறிய சாயப்பட்டறையில் நான் களத்து வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் சாயம் போட்ட பனியன் துணியை மெஷினில் உலர்த்துவது பெரிய கம்பெனிக்காரர்களுக்கு மட்டும்தான். எங்களைப் போன்ற பட்டறைக்குச் சூரியன்தான் மெஷின். வெட்டவெளியில் மூங்கில் நட்டுக் கயிறு இழுத்து, ஈரத் துணியை வரிசையாகப் போட்டு, வெயிலுக்குத் தக்கபடி திருப்பி, பனி இறங்குமுன் எடுத்து மடிக்க வேண்டும். பதினோரு பெண்கள் இருந்தோம்.

மடிப்பதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு, பறவை விரட்டுவது. வெளுத்த துணியில் ஒரு காக்கை எச்சம் போட்டால் போதும், மொத்தப் பீஸும் மறுபடி தொட்டிக்குப் போகும். அது யார் வரிசையோ அவளுடைய சம்பளத்தில் அன்றைக்குப் பாதி போகும். அதனால் நீங்கள் எல்லாம் பறவையைப் பார்த்தால் பைனாகுலரைத் தூக்குவீர்கள், நாங்கள் தகர மூடியைத் தூக்குவோம். எந்தப் பறவை எப்போது வரும், எந்தக் கயிற்றில் உட்காரும், எது கை தட்டினால் போகும், எது கல்லெறிந்தாலும் போகாது என்பது எங்களுக்கு மனப்பாடம். பேர்தான் தெரியாது. நாங்களே பேர் வைத்துக்கொள்வோம். ஓடையில் வருஷம் முழுக்க நிற்கிற கொக்குகளில், காலும் வயிறும் நீலமாக இருப்பதற்கு நேவிக் கொக்கு என்று பேர். வாலை ஆட்டிக்கொண்டே நடக்கிற குளிர்காலக் குருவிக்கு சூப்பர்வைசர்.

அந்தக் குளிர்காலம் பட்டறைக்குக் குழந்தைப் பனியன் ஆர்டர் வந்திருந்தது. வழக்கமான கறுப்பு, நேவி எல்லாம் வாரம் ஒரு தொட்டிதான், மற்றதெல்லாம் ரோஸ். கார்த்திகையில் ஆரம்பித்து மாசி வரைக்கும் ரோஸ், ரோஸ், ரோஸ். கழிவுத் தண்ணீர் போகிற ஓடையும் ரோஸ். அதே கார்த்திகையில்தான் ஒரு குருவிக்கூட்டம் வந்து ஓடையோரச் சீமைக்கருவேல மரங்களில் ராத்தங்க ஆரம்பித்தது. மைனா அளவு இருக்கும். ஆயிரக்கணக்கில் வரும், ஒரே குருவி மாதிரி வானத்தில் திரும்பும். வந்தபோது எல்லாம் மங்கலாக, அழுக்கு நிறத்தில் இருந்தன. தையில் பார்த்தால் சிலவற்றின் முதுகில் ஒரு மாதிரி ரோஸ் தெரிந்தது. மாசி பிறந்து பனி குறையக் குறைய ரோஸ் ஏறிக்கொண்டே போனது. தலையும் இறக்கையும் வாலும் கறுப்பு, உடம்பு மட்டும் எங்கள் குழந்தைப் பனியன்.

இதை முதலில் பார்த்தது காதர் பாய். அவர் பிறந்தது திருப்பூர் டவுனில், பனியன் கடைக்குப் பின்னால். காடு கழனி பழக்கமே இல்லை. கழிவுத் தண்ணீரில் குருவிகள் இறங்கிக் குளிப்பதை ஒரு காலையில் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், அவருக்குக் கணக்குச் சேர்ந்துவிட்டது. வந்தபோது கலர் இல்லை, நம் தண்ணீரில் குளிக்கக் குளிக்கக் கலர் ஏறுகிறது, கூட்டத்தில் இன்னும் மண் கலரில் இருக்கிற பாதி இனிமேல்தான் குளிக்க வேண்டும். கேட்டால் நமக்கும் சரி என்றுதான் படும். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து எங்கள் எல்லோரையும் களத்தில் கூப்பிட்டார். திங்கட்கிழமை ஒரு பார்ட்டி அட்வான்சோடு வருவதாகவும், பட்டறையைக் கொடுத்துவிடப் போவதாகவும், வாங்குகிறவர் தன் ஆட்களைக் கூட்டிவருவார் என்பதால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

"வாயில்லாத ஜீவனைச் சாயத்துல முக்கி எடுத்துருக்கேன் சரசு. அதோட ஜோடிகூட அதை அடையாளம் தெரியாம கொத்தி விரட்டிடும். நாளைக்கு ஆண்டவன் கேட்டா நான் என்ன ஜவாப் சொல்றது?"

சரசு நான்தான். மற்ற பத்துப் பேரும் கண்ணைக் கசக்கினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த வேலையை நம்பி அப்போதுதான் அருள்புரத்தில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தேன். மறுபடி கட்டட வேலைக்குப் போய்ச் சட்டி தூக்குவதில்லை என்று முடிவு செய்துதான் இங்கே வந்தவள் நான். ஒரு குருவி வந்து என்னைத் திருப்பி அனுப்புவதா?

சனிக்கிழமை காலை மரத்தடியில் ரோஸ் இறகு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். சாயத்தொழிலில் ஒரு பரிசோதனை உண்டு. கலர் துணியை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பது. வெள்ளையில் கலர் இறங்கினால் சாயம் நிற்கவில்லை, லாட், அதாவது ஒரே தொட்டியில் சாயம் போட்ட மொத்தத் துணியும், ரிஜெக்ட். பாய் கண்முன்னால் வெள்ளைப் பனியன் துண்டை நனைத்து, இறகைத் தேய் தேய் என்று தேய்த்தேன். துண்டு வெள்ளையாகவே இருந்தது. பார்த்தீர்களா, இது சாயமே இல்லை என்றேன்.

பாய் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என் சாயம் என்னிக்கு சரசு ஓடியிருக்குது? பதினஞ்சு வாஷ் தாங்கும். கலர் ஓடலைன்னா அது என்னுதுன்னுதான் அர்த்தம்."

இப்படிப்பட்ட மனிதரிடம் என்ன பேச? ஆனாலும் நான் விடுகிறவள் இல்லை. சாயப்பட்டறையே இல்லாத ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்றேன். அங்கே இந்தக் குருவி மண் கலரில் இருந்தால் தாராளமாக விற்றுவிடுங்கள், ரோஸாக இருந்தால் திங்கட்கிழமை வருகிற பார்ட்டிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பாய் யோசித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஆயிஷாம்மா, "போய்த்தான் பாருங்களேன்" என்றார். அவர் பேசுவது வாரத்துக்கு நாலு வார்த்தை. அதனால் பேசினால் நடந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பட்டறையின் டெம்போவில் கிளம்பினோம். முன்னால் டிரைவர் அந்தோணியும் பாயும். பின்னால் மடித்த துணி மூட்டைகள் மேல் நானும் ஆயிஷாம்மாவும், நடுவில் ஒரு தூக்குப்போசி இட்லி. அந்தோணி திருச்செந்தூர் பக்கத்து ஆள். மனைவி, பிள்ளைகளோடு பனியன் வேலைக்கு வந்து, துணி வெட்ட வராமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். குருவி பார்க்க டீசல் போட்டுப் போகிற முதலாளியை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

பல்லடம் ஏழு கிலோமீட்டர். அங்கே டீ ஒரு ரூபாய், பனிக்கு இதமாக இருந்தது. அதற்குப் பிறகு தாராபுரம் ரோட்டில் திரும்பினால் கம்பெனிகள் குறைந்து காடு, அதாவது மானாவாரி வெள்ளாமை நிலம், ஆரம்பிக்கும். இந்த இடத்தில் தூங்கிவிடாதீர்கள். விடிகிற நேரத்தில் கரண்டுக் கம்பி முழுக்கக் கரிச்சான் வரிசையாக உட்கார்ந்திருக்கும், கயிற்றில் காயப்போட்ட கறுப்புச் சாக்ஸ் மாதிரி. பனி கீழே ஒரு முழம் உயரத்துக்கு வெள்ளையாகப் படுத்திருந்தது. அதற்கு மேலே கழுத்தை மட்டும் நீட்டி மயில்கள் மேய்ந்தன. காட்டுக்குள் கௌதாரி கத்தியது. ஒரு வேலிக்காலில் கொண்டலாத்தி கொண்டையை விரித்துக் காட்டிவிட்டு மடித்துக்கொண்டது.

குண்டடம் வருவதற்கு ஐந்தாறு கிலோமீட்டர் முன்னால் பாய் வண்டியை நிறுத்தச் சொன்னார். கம்பியில் மண் கலரில் உட்கார்ந்திருந்த ஒரு பறவை பறந்தது. பறந்ததும் இறக்கைக்குள் இருந்து அவ்வளவு நீலம், இரண்டு வகை நீலம், அடுக்கடுக்காக. பனங்காடை அது. பாய் முகம் செத்துப்போனது.

"இது எந்தப் பட்டறையோ" என்றார்.

"பாத்தீங்களா பாய், உள்பக்கம் ஒரு ஷேடு, வெளிப்பக்கம் ஒரு ஷேடு. சாயம் முக்கற உங்க வின்ச்சு மெஷின்ல இந்த வேலை ஆகுமுங்களா? சும்மா இருக்கிற பழியெல்லாம் உங்க தலையில ஏத்திக்காதீங்க" என்றேன். அந்தோணி ஸ்டியரிங்கில் கவிழ்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு வழியில் பஞ்சுருட்டான் பச்சையைப் பார்த்தாலும், கிணற்றடியில் மீன்கொத்தியைப் பார்த்தாலும் பாய் திரும்பி என்னைப் பார்ப்பார். அதுவும் பிறவிக் கலர்தான் பாய், வண்டியை விடச் சொல்லுங்க என்பேன்.

பல்லடத்தில் இருந்து குண்டடம் முப்பதுக்குக் கொஞ்சம் குறைவான கிலோமீட்டர். ஊருக்கு முன்னாலேயே இடது கைப் பக்கம் சோளக்காடு, கதிர் முற்றி அறுப்புக்கு நின்றது. ஏழு மணி இருக்கும். பனி கலைந்து வெயில் காட்டைத் தொட்டதும், எங்கிருந்தோ அந்தக் கூட்டம் வந்து சோளத்தின் மேல் விழுந்தது. ரோஸ். மண் கலரும் கலந்த ரோஸ். காட்டுக்குள் பரண் மேல் நின்றிருந்த ஒரு அம்மா தகர டின்னைத் தட்டியபடி குருவியின் ஏழு தலைமுறையையும் திட்டினார். டின் சத்தத்தைக் கேட்டதும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்தது மாதிரி இருந்தது.

நான் போய்க் கேட்டேன். "ஏனுங்க, இந்தக் குருவி வருசா வருசம் வருமுங்களா?"

"சூறைக்குருவிங்க. நான் கட்டிக்கிட்டு வந்த வருசத்துல இருந்து பாக்கறேன். சோளம் முத்துனா எவனோ கடுதாசி போட்ட மாதிரி வந்துருதுங்க. உங்களுக்கு வேணும்னா மொத்தமாப் புடிச்சுட்டுப் போங்க, காசே வேண்டாம்."

இந்தக் கலர் எப்போதும் இருக்குமா என்று பாய் பயந்துகொண்டே கேட்டார். அந்த அம்மா டின் தட்டுவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கலர் பாக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? சோளம் தின்ன குருவி வேற என்ன கலருங்க இருக்கும்?"

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பாய் அசையவில்லை. முப்பது நாற்பது கிலோமீட்டர் பறவைக்கு என்ன தூரம், நம் ஓடையில் ராத்திரி குளித்துவிட்டுக் காலையில் இங்கே சாப்பிட வந்திருக்கலாம் என்றார். திருப்பூரில் சாயம் போடுவது நேற்றைக்கா ஆரம்பித்தது என்றும் கேட்டார். அந்தோணி என்னைப் பார்த்து, "யக்கா, இவுகளை இமயமலைக்குக் கூட்டிட்டுப் போனாலும் ஒத்துக்கிட மாட்டாக" என்றார்.

அப்போது அந்த அம்மா பரணின் கீழே கிடந்த ஒரு குருவியை எடுத்து வந்து நீட்டினார். கவணில் அடிபட்டுச் செத்தது. பாய் முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு வாங்கினார். இரண்டு உள்ளங்கையிலும் வைத்து, பீஸைச் சோதிக்கிற மாதிரியே சோதித்தார். கழுத்தில் கறுப்பு முடிந்து ரோஸ் ஆரம்பிக்கிற இடத்தை விரலால் பிரித்துப் பார்த்தார். இறக்கையைத் தூக்கி இடுக்கில் பார்த்தார். வெயிலில் பிடித்தார், நிழலில் பிடித்தார். அவர் தலையை நிமிர்த்திச் சோளத்தின் மேல் உட்கார்ந்திருந்த மற்ற குருவிகளைப் பார்த்தார், மறுபடி கையில் இருந்ததைப் பார்த்தார்.

"சரசு, கறுப்புக்கும் ரோஸுக்கும் நடுவுல ஒரு இழை கசிவு இல்லை. அது போகட்டும். அங்க பாரு, ரோஸ் ஏறினது எல்லாம் ஒரே இடத்துல கறுப்பு, ஒரே இடத்துல ரோஸ். இத்தனை ஆயிரத்துல ஒண்ணுகூட லாட் மாறலை." அவர் குரல் மாறியிருந்தது. "நம்ம பட்டறையில ரெண்டு வின்ச்சுல ஒரே ரோஸ் போட்டா ரெண்டும் சேந்திருக்குதா என்னிக்காவது? இது நான் போட்டது இல்லை."

எந்தப் படிப்பாளி வந்து சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். லாட்டுக்கு லாட் ஷேடு மாறி மாறி, ஆர்டர் திரும்பித் திரும்பி வந்து நொந்த மனிதரை, அந்த நோவே காப்பாற்றிவிட்டது. காட்டு வரப்பில் குழி தோண்டி அந்தக் குருவியைப் புதைத்தார். நானும் ஆயிஷாம்மாவும் அந்த அம்மாவோடு சேர்ந்து கொஞ்ச நேரம் குருவி விரட்டிக் கொடுத்தோம். தொழில்காரி கை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அடுத்த வருஷம் சம்பளத்துக்கு வரச் சொன்னார்.

பாய்க்குத் தலைகால் புரியவில்லை. "அந்தோணி, அமராவதிக்கு விடு வண்டியை. எல்லாருக்கும் மீன்" என்றார். பதினோரு பேர் வேலை நிலைத்த சந்தோஷத்தில் எனக்கும் அன்றைக்கு எல்லாமே அழகாகத்தான் தெரிந்தது. தாராபுரம் பதினேழு கிலோமீட்டர் இருக்கும். அங்கே ஆற்றோரம் இட்லியைப் பிரித்தோம். அங்கிருந்து உடுமலைப்பேட்டை முப்பத்தைந்துக்கு மேல், அதன்பின் அணைக்கு இருபத்தைந்துக்குள். உடுமலையைத் தாண்டியதும் மலை எதிரே எழுந்து நிற்கும், ரோட்டோரம் தென்னை, நெல், வாய்க்கால். மலை மேல் கிடந்த பனி வெயிலில் துண்டு துண்டாகப் பிய்ந்து மேலே போவதை டெம்போவின் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முன் சீட்டில் அந்தச் சுகம் கிடையாது.

பதினொன்றரைக்கு அணை சேர்ந்தோம். முதலைப் பண்ணையை ஒரு சுற்று சுற்றினோம். வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கும் முதலையைக் காட்டி, நம்ம பட்டறை அக்கவுண்டன்ட் இங்கதான் இருக்கிறாரா என்று கேட்டு ஆயிஷாம்மாவைச் சிரிக்க வைத்தேன். அணை ஓரத்தில் தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. நீர்க்காகம் பாறை மேல் இறக்கையை விரித்துக் காய வைத்தது. ஆட்காட்டி எங்களைப் பார்த்துக் கத்தித் தீர்த்தது. ஆழமில்லாத இடத்தில் கொக்குகள், நூற்றுக்கு மேல் இருக்கும், வெளுத்த துணி உதறிப் போட்ட மாதிரி.

கரையோரம் மீன் பொரித்து விற்றவர் காலையில் தானே பரிசல் போட்டுப் பிடித்த மீன் என்றார். தட்டு பத்து ரூபாய். சூடாக வாயில் போட்டுக்கொண்டு நான் வழக்கம்போல வம்பை ஆரம்பித்தேன். அவர் தன் அணையைப் பற்றி ரொம்பப் பீற்றிக்கொண்டார். இங்கே இல்லாத பறவையே இல்லை என்றார். விடுவேனா?

"எங்கூர்ல ஒண்ணு இருக்குதுங்க, அது உங்ககிட்ட இல்லை. நேவிக் கொக்கு. உடம்பு வெள்ளை, காலும் வயிறும் மட்டும் நல்ல நீலம். இந்தக் கூட்டத்துல அப்படி ஒண்ணு காட்டுங்க பாக்கலாம்."

அவர் கரண்டியை எண்ணெயில் வைத்தபடி கொக்குக் கூட்டத்தைப் பார்த்தார். பிறந்ததில் இருந்து கொக்கைப் பார்க்கிறேன், அப்படி ஒரு ஜாதியைப் பார்த்ததில்லை என்றார். பிறகு என்னை மடக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், சாதாரணமாகக் கேட்டார்.

"அது எந்தத் தண்ணியிலங்க நிக்கும்?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், எங்கள் ஓடை நினைவுக்கு வந்தது. பாய் கையில் இருந்த மீனைத் தட்டில் வைத்தார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இறகின் மங்கல் நுனி தேயத் தேயத் தானாகவே ரோஸாகிற குருவிக்காக அந்த மனிதர் ஒரு வாரம் பட்டினி கிடந்தார். நாங்கள் போட்ட சாயத்தில் வருஷம் முழுக்க நின்ற கொக்குக்கு, எல்லோரும் சேர்ந்து பேர் வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தோம். தினமும் பார்த்ததால் அது அப்படியே பிறந்தது என்று நினைத்துவிட்டோம். பனங்காடையைப் பார்த்து, சும்மா பழியைத் தலையில் ஏற்றாதீர்கள் என்று பாய்க்குப் புத்தி சொன்ன இதே வாய்தான், அணைக்கரையில் நின்று இதையும் சொல்லிவைத்தது.

திரும்பி வரும்போது பாய் எந்தப் பறவைக்கும் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. ஜெயித்த வேலையை நானே வாயால் கவிழ்த்துவிட்டேன் என்று எனக்கு ஒரே கலக்கம். கரண்டுக் கம்பியில் அதே கரிச்சான்கள் உட்கார்ந்திருந்தன. பார்க்கப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நான் போனபோது பாய் ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே கொஞ்சம் தள்ளி இரண்டு நேவிக் கொக்குகள் நின்றன. கரையில் கிடந்த இறகு ஒன்று அவர் கையில் இருந்தது, அடிப்பாதி நீலம். வெள்ளைப் பனியன் துண்டை நல்ல தண்ணீரில் நனைத்து இறகைத் தேய்த்தார். இரண்டே தேய்ப்புதான். துண்டை என்னிடம் நீட்டினார். நீலம் இறங்கியிருந்தது. எங்கள் நேவி ஷேடு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"பதினஞ்சு வாஷ் தாங்கும்னேன்" என்றார்.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. பார்ட்டி வந்துவிட்டது. பாய் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, கொடுத்துவிடுகிறேன், எனக்கு இந்தத் தொழிலே வேண்டாம் என்றார். பத்துப் பெண்களும் களத்தில் துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். கரைமேட்டில் ஆயிஷாம்மா வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"வித்துட்டா கொக்கு வெளுத்துருமா?" என்று கேட்டார்.

பாய் அவரைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். வாங்குகிறவரும் இதே ஓடையில்தான் விடுவார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிறகு பாய் என்னிடம், "சரசு, வந்தவங்களுக்கு டீ சொல்லு" என்றார். டீ சொன்னேன். வந்தவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கே ஓடைக்குப் போகிற வாயில் மண்மூட்டை போட்டு அடைத்தோம். கழிவுத் தண்ணீருக்குத் தனித் தொட்டி கட்டி முடிகிற வரைக்கும் சாயம் கிடையாது, கையில் இருக்கிற துணியை மடிப்பது மட்டும்தான் என்று பாய் சொன்னார். கூலி பாதியாகும், முடியாதவர்கள் போகலாம், திரும்பி வந்தால் வேலை உண்டு. மூன்று பேர் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அடுப்பு எரிய வேண்டுமே. மிச்சப்பேர் குழி தோண்டினோம். சட்டியே தூக்குவதில்லை என்று சபதம் போட்டவள் பங்குனி வெயிலில் மண்சட்டி தூக்கினேன். செங்கல் வைத்துப் பூசி, கழிவுத் தண்ணீரை அதில் தேக்கி, சுண்ணாம்பு போட்டுத் தெளிய விட்டு, அதையும் ஓடைக்கு விடாமல் வெயிலில் காய வைத்து, அடியில் தங்கிய சகதியை மூட்டை கட்டினோம். இன்றைக்கு இருக்கிற இயந்திரங்களுக்கு முன்னால் அது விளையாட்டு வேலைதான். மேலே இருந்த பட்டறைகள் விட்ட தண்ணீர் ஓடையில் வந்துகொண்டுதான் இருந்தது. பாய் ஒவ்வொரு பட்டறையாகப் போய் அந்த நீலத் துண்டை விரித்துக் காட்டிச் சண்டை போட்டார். சிலர் கேட்டார்கள், பலர் சிரித்தார்கள். அவர் போவதை நிறுத்தவில்லை.

சரி, நீங்கள் போகிற விஷயத்துக்கு வருகிறேன். சூறைக்குருவி பார்க்க மாசி முதல் பாதிதான் நல்ல நேரம். பனி விலகியிருக்கும், ரோஸ் நன்றாக ஏறியிருக்கும் (மண் கலரில் இருப்பவை இளங்குருவிகள்), சோளம் இன்னும் காட்டில் நிற்கும். அறுத்த பிறகு போனால் கட்டைதான் இருக்கும். குண்டடத்துக்கு ஏழு மணிக்குள் சேருங்கள். பல்லடத்தில் இருந்து தாராபுரம் பஸ் நிறைய உண்டு, ஆனால் சொந்த வண்டி என்றால் கண்ட இடத்தில் நிறுத்தலாம். காட்டுக்குள் கேட்காமல் இறங்காதீர்கள். கேட்டால் மோர் கொடுத்து உட்கார வைப்பார்கள். கொஞ்ச நேரம் குருவி விரட்டிக் கொடுங்கள், புண்ணியம். அமராவதிக்கு மதியத்துக்கு முன்னால் போய்விடுங்கள், வெயில் ஏறினால் கொக்குகள் மர நிழலுக்குப் போய்விடும். மீன் சாப்பிடுகிறபோது பீற்றிக்கொள்ளாதீர்கள். பையில் தண்ணீர், தொப்பி எல்லாம் நீங்களே வைத்துக்கொள்வீர்கள். நான் சொல்வது ஒரு துண்டு வெள்ளைப் பனியன் துணி. கீழே கிடக்கிற இறகு எதுவானாலும் நனைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள்.

அடுத்த வருஷம் தை மாதம், விடிகாலைப் பனி ஈரத்தோடு வெளுத்த துணியைக் கயிறு போதாமல் தரையில் விரித்துப் போட்டிருந்தேன். தகர மூடியை எடுக்கத் திரும்பிய நேரத்தில், தொட்டிக்கரைப் பக்கமிருந்து ஒரு கொக்கு வந்து என் வரிசையில் இறங்கி, துணி மேலேயே இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரைக்கும் சாவகாசமாக நடந்து போனது. அப்பழுக்கில்லாத வெள்ளையில் வரிசையாக முக்கோணம் முக்கோணமாகக் கால் தடம். அரை நாள் கூலி போயிற்று என்று நான் நிற்கிறேன், பாய் வந்துவிட்டார். துணியைப் பார்த்தார். குனிந்து, கட்டை விரலை எச்சில் தொட்டு, ஒரு தடத்தைத் தேய்த்து, விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மண்ணு" என்றார். "வெறும் மண்ணு சரசு."

அந்தப் பீஸை மறுபடி அலசிப் போட்டேன். கூலியில் ஒரு பைசா பிடிக்கவில்லை.